டன்னுக்கு ஐம்பது கிராம் புகை

கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘டன்னுக்கு எத்தனை கிராம்’ என்கிற பேச்சு, தஞ்சாவூர்க்காரர்களுக்கு ‘மாவுக்கு எத்தனை மூட்டை’ என்கிற பேச்சைப் போலத் தானாகவே நாவில் வந்து நிற்கும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே காலூன்றிய தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கண்டது என்றும், அந்தக் கணக்கு தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துகொண்டே வந்து, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடுகிற காலத்தில் ஏதோ சில கிராம்களில் வந்து நின்றது என்றும் இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, குடும்பச் சொத்து கரைந்த கதையைச் சொல்லுகிற குரலிலேதான் சொல்லுவார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்தைப் பூமி கொடுத்தது. அதற்காக உடைத்தெடுத்த கல்லும் மண்ணும் சயனைட் மேடுகளாக இன்றும் ஊரைச் சுற்றி நிற்கின்றன.

என் பெரியப்பா கல்லின் தரத்தைப் பரீட்சிக்கும் அஸே ஆபீஸில் வேலை செய்தவர். பொடித்த கல்லை ஈயச் சரக்கோடு கலந்து மூசையில் இட்டு உருக்கினால், கல்லில் ஒளிந்திருக்கும் தங்கத்தையெல்லாம் ஈயம் தன்னோடு வாரிக்கொண்டு அடியில் ஒரு குண்டாகத் தங்கிவிடும். அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மறுபடியும் உலையில் சூடேற்றினால், ஈயம் முழுவதையும் சாம்பல் உறிஞ்சிக்கொள்ள, கிண்ணத்தின் நடுவிலே கடுகைக் காட்டிலும் சிறிதாய் ஒரு மணி மின்னும். அதில் கலந்திருக்கும் வெள்ளியைத் திராவகத்தில் கரைத்து நீக்கிவிட்டு, எஞ்சிய தங்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் நிறுத்தால், அந்த இடத்துக் கல்லின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒரு டன் என்பது பத்து லட்சம் கிராம். ஆகையால் ‘டன்னுக்கு இத்தனை கிராம்’ என்பது ‘பத்து லட்சத்தில் இத்தனை பங்கு’ என்பதேயாகும்.

இந்தக் கணக்கை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லக் காரணம், தங்கத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு வஸ்துவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்பதும், அந்த வஸ்துவையும் இதே அளவுகோலால்தான் அளக்கிறார்கள் என்பதுமே. ஸ்காட்லாந்து தேசத்து விஸ்கிகளில் ஒரு வகை உண்டு. அதன் தானியத்தை ஈரநிலத்துக் கரிமண்ணின் புகையில் உலர்த்துகிறார்கள். அந்தத் தானியத்தில் எவ்வளவு புகை ஏறியிருக்கிறது என்பதை ‘பி.பி.எம்.’ என்கிற அளவால், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று குறிக்கிறார்கள். ஐலா என்னும் தீவின் லகவூலின் விஸ்கிக்கு ஆகும் தானியத்தில் சுமார் 35. லஃப்ராய்க் என்பதில் 40க்கு மேல். ஆர்ட்பெக் என்பதில் 55 வரை. நூறைத் தாண்டிய ஆக்டோமோர் என்கிற ஒன்றும் உண்டு. ஒரு டன் தானியத்தில் 50 கிராம் புகைச் சரக்கு என்றால், சுரங்கத்தின் பொற்காலத்தில் ஒரு டன் கல்லில் கண்ட தங்கத்துக்கு ஏறக்குறைய சமம்.

எனக்கு அவ்வகை விஸ்கியின் அறிமுகம் ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நிகழ்ந்தது. பெங்களூரில் வேலையிலிருக்கும் தம்பி ஒரு மார்கழி மாதத்துச் சனிக்கிழமை மாலை வரும்போது, அம்ருத் கம்பெனியாரின் புகையேற்றிய விஸ்கி ஒரு புட்டி கொண்டுவந்திருந்தான். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சாராயத்தால் சீரழிந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டு வளர்ந்த எங்களுக்குக் குடியென்றாலே ஒரு கூச்சம் உண்டு. சம்பள நாளன்று வாசலிலே பிள்ளைகளோடு காத்து நின்ற தாய்மார்களின் முகங்களை நான் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை. ஆனாலும் அன்று பெரியப்பா தம்ளரின் அடியில் ஒரு விரற்கடைக்கும் குறைவாக ஊற்றச் சொல்லி, குடிக்காமல், பழைய தொழில் வழக்கத்தின்படி முதலில் மூக்கின் அருகே கொண்டுபோனார்.

“இன்னாடா இது, ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?” என்றார். சற்றுப் பொறுத்து, “பழைய லைஃப்பாய் சோப்பு” என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, “மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல வெயில் காலத்துல தண்டவாளக் கட்டைங்கள்ல ஒரு வாசனை வரும் பாரு, அது” என்றார்.

தம்பி சிரித்தான். எனக்கோ, பிற்பாடு ரசாயன நூல்களைப் புரட்டியபோது, பெரியப்பா சொன்ன மூன்றும் அட்சரம் பிசகாத உண்மை என்பது தெரிந்து பெரும் வியப்பு உண்டாயிற்று. ஆஸ்பத்திரித் தரையைக் கழுவும் கறுப்புப் பினாயிலில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த கிரெசால் முதலிய பொருள்கள். பழைய சிவப்பு லைஃப்பாய் கார்பாலிக் சோப்பு வகையைச் சேர்ந்தது. கரையான் அரிக்காதிருக்க ரயில் கட்டைகளுக்கு ஊட்டுவதும் தாரிலிருந்து வடித்த எண்ணெய்தான். கார்பாலிக் அமிலம் என்று அக்காலத்தில் வழங்கிய பீனாலை 1834இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். 1865இல் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் அதைக் கொண்டு காயங்களைச் சுத்தி செய்து, ரண சிகிச்சையின் சரித்திரத்தையே மாற்றினார். அன்று முதல் உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அந்த நெடி ஒரு முத்திரையாகிவிட்டது. பீனால், கிரெசால், குவாயகோல் என்னும் இந்தக் குடும்பம் முழுவதும் கரிமண் புகையில் இருக்கிறது. பெரியப்பாவின் மூக்கு அன்றும் தராசாகத்தான் வேலை செய்திருக்கிறது.

கரிமண் என்று நான் சொல்லுவதை ஆங்கிலேயர் பீட் என்பார்கள். நம் பாடநூல்களில் முற்றா நிலக்கரி என்று எழுதியிருப்பார்கள். குளிர்ந்த, எப்பொழுதும் நீர் தேங்கி நிற்கிற, புளிப்பேறிய சதுப்புகளிலே ஸ்பாக்னம் என்கிற பாசியும், புதர்ச் செடிகளும், கோரைகளும் மடிந்து விழுகின்றன; பிராணவாயு புகாத அந்த ஜலத்தில் அவற்றை அழுகச் செய்யும் கிருமிகள் செவ்வனே தொழில் செய்ய மாட்டாமையால், மக்கி மண்ணாகவும் முடியாமல், நிலக்கரியாக இறுகவும் காலம் போதாமல், இடைநிலையிலே கறுத்து அடர்ந்து கிடக்கின்றன. இப்படி அது வளர்வது ஆண்டொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு முழ ஆழத்தில் மண்வெட்டி தொடுகிற கரிமண், மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்துக்கும் சற்று முந்திய பாசி என்று கொள்ளலாம்.

ஐலா தீவு கடற்காற்று ஓயாமல் அறைகிற பூமி, மரம் அரிது. மரமில்லாத நாட்டு மக்கள் அடுப்பெரிக்கவும் குளிர் காயவும் காலடியில் கிடந்த கரிமண்ணையே வெட்டி, செங்கல்லைப் போல அடுக்கிக் காயவைத்து எரித்தார்கள். தானியத்தை உலர்த்தவும் அதே நெருப்புத்தான். ஆகவே, இன்று விசேஷ ருசியென்று உலகம் விலை கொடுத்து வாங்குகிற அந்தப் புகை, விறகுக்கு வழியில்லாத ஏழைத் தீவின் எரிபொருள் கணக்கிலிருந்து பிறந்தது. உள்நாட்டுப் பிரதேசங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து, புகையில்லாத கல்கரி எளிதில் கிடைத்தவுடன், அங்குள்ள வடிசாலைகள் பெரும்பாலும் புகையைக் கைவிட்டன. தீவுகளோ பழைய வழக்கத்தைத் தொடர்ந்தன. எரிபொருள் ஓர் ஊரின் தலையெழுத்தை எப்படி மாற்றும் என்பதை எங்களுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பிவழி ஓடிவந்து, 1902இல் இங்குள்ள ஆவி இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுத்தது.

தானியத்தை முளைகட்டுவதன் ரகசியத்தையும் இந்தக் கோலார் சீமை நன்கு அறியும். கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, இரண்டொரு நாள் தொங்கவிட்டு, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் உலர்த்தி அரைக்கிற பாட்டிமார்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரை சேர்க்காமலே மெல்ல இனிக்கும். முளைக்கின்ற விதை தன் சேமிப்பாகிய மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை உண்டாக்கிக்கொள்வதே அந்த இனிப்புக்குக் காரணம். விஸ்கிக்குரிய பார்லியையும் இவ்விதமே முளைகட்டி, முளை நீண்டு சேமிப்பைத் தின்றுவிடுவதற்கு முன்னால் வெப்பத்தால் தடுத்து நிறுத்துகிறார்கள். அப்படித் தடுக்கிற நேரத்தில், தானியம் இன்னும் ஈரமாயிருக்கும்போதே, அடியிலே கரிமண்ணைக் கொழுந்துவிட்டு எரியவிடாமல் புகையும்படி மூட்டினால், ஈர உமியில் புகைப்பொருள்கள் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்துவிட்ட தானியத்தில் அவ்வளவாக ஒட்டா. ஆகவே புகையேற்றும் முகூர்த்தம் தானியத்தின் ஈரம் நீங்கும் வரையிலேதான்.

அந்த 50 கிராம் முழுதும் புட்டிக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. அரைத்து, வெந்நீரில் கரைத்து, புளிக்கவைத்து, செம்புக் கொப்பரையில் வடிக்கிற ஒவ்வொரு படியிலும் புகையின் ஒரு பகுதி கழிந்துபோகிறது. புட்டியின் மேல் எழுதுகிற எண் தானியத்துக்குரியதேயன்றிப் பானத்துக்குரியதன்று. அதிலும் வடிப்பவருடைய கைத்திறன் ஒன்று இருக்கிறது. சாராயம் 78 டிகிரி உஷ்ணத்தில் கொதிப்பது. பீனால் கொதிக்க 182 டிகிரியும், குவாயகோல் கொதிக்க 205 டிகிரியும் வேண்டும். ஆகையால் வடிகிற ஓட்டத்தின் முற்பகுதியில் பழவாசனையும் மலர்வாசனையும் கொண்ட லகுவான பொருள்கள் முந்திக்கொள்ள, புகைப்பொருள்கள் தயங்கித் தயங்கிப் பிற்பகுதியிலேதான் மிகுதியாக வருகின்றன. எந்தக் கணத்தில் ஓட்டத்தை வெட்டி ஒதுக்குவது என்பதை நிர்ணயிக்கிறவர், அந்த விஸ்கியில் எவ்வளவு புகை, எத்தகைய புகை என்பதையும் நிர்ணயித்துவிடுகிறார். ஒரே மால்ட்டிலிருந்து, அதாவது ஒரே முளைகட்டிய தானியத்திலிருந்து, இரண்டு வடிசாலைகள் இரண்டு சுபாவமுள்ள பானங்களைப் பெறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இனி, எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில் நடந்த அதிசயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் 1948இல் ராதாகிருஷ்ண ஜக்தாளே தொடங்கிய அம்ருத் வடிசாலை, அவருடைய குமாரர் நீலகண்ட ஜக்தாளேயின் காலத்தில், இந்திய பார்லியிலிருந்து வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004இல் வெளியிட்டது. வெளியிட்ட இடமோ, லிஸ்டரின் அதே கிளாஸ்கோ நகரம். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோய் விற்கிற துணிவு அது. அந்தத் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன். பின்னர் 2009இல் வந்த ‘ஃப்யூஷன்’ என்பதில், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்திலிருந்து தருவித்த புகையேற்றிய பார்லியைச் சுமார் கால் பங்கு அளவில் பயன்படுத்தினார்கள். இரண்டையும் தனித்தனியே வடித்து, தனித்தனியே பீப்பாயில் முதிரவைத்து, பிறகே ஒன்று சேர்த்தார்கள். ஜிம் மர்ரே என்னும் விஸ்கி விமர்சகர் தமது 2010ஆம் ஆண்டு நூலில் அதற்கு 97 புள்ளிகள் அளித்து, உலகத்தில் மூன்றாவது இடம் கொடுத்தார். இன்று கோவாவில் பால் ஜான் முதலியோரும் புகையேற்றிய விஸ்கிகளைச் செய்கிறார்கள்.

பெங்களூரின் உஷ்ணம் இதிலே செய்கிற வேலை கவனிக்கத்தக்கது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அதை அங்கே அழைக்கிறார்கள். பெங்களூரில் தேவதைகள் 10 முதல் 12 சதவிகிதம் வரை எடுத்துக்கொள்கிறார்கள்; நான்கே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. நஷ்டந்தான், ஆனால் அதே வெப்பம் சாராயத்தை ஓக் மரத்தின் நரம்புகளுக்குள் ஓட்டி ஓட்டி வாங்குவதால், குளிர்நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகளில் நடக்கிற பரிபாகம் இங்கே நான்கைந்து ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ரசாயனம் ஓர் அழகான உறவுமுறையைக் காட்டுகிறது. மரத்தைக் கெட்டிப்படுத்தும் லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தால் உடைந்தால் குவாயகோல் பிறக்கிறது. விறகடுப்பின் புகைமணத்தில் பெரும்பங்கு அதனுடையது, வறுத்த காப்பிக்கொட்டையிலும் அது உண்டு. அந்தக் குவாயகோலின் அணுக்கோப்பில் ஓரிடத்தில் ஒரு சிறு கிளை சேர்ந்தால் அது யூஜினால், அதாவது நம் அஞ்சறைப் பெட்டியிலிருக்கும் கிராம்பின் வாசனை. வேறொரு கிளை சேர்ந்தால் வனிலின், குழந்தைகள் விரும்பும் ஐஸ்கிரீமின் வாசனை. தீயில் கருக்கிய ஓக் பீப்பாய் விஸ்கிக்குத் தருகிற இனிய மணங்களிலே இவ்விரண்டும் முக்கியமானவை. சதுப்பிலிருந்து வந்த கடும்புகையும் பீப்பாயிலிருந்து வந்த மென்மணமும் தூரத்து உறவினர்கள். பல தீவுகளையும் கடல்களையும் தாண்டி ஒரே தம்ளரில் வந்து சந்திக்கிறார்கள். பெரியப்பாவும் இரண்டாவது முறை முகர்ந்தபோது “உள்ளே கிராம்பு இருக்குது” என்றார். முதல் முறை அதை ஆஸ்பத்திரி நெடி மறைத்திருந்தது. மூக்கு அந்த நெடிக்குப் பழகியவுடன் அதன் பின்னால் நின்றவை ஒவ்வொன்றாக முன்னுக்கு வந்தன. புகைவிஸ்கியை முதன்முதல் காண்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அவசரப்படாமல் மூக்குக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள்.

அடுத்து, தம்ளரில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் விட்டால் மணம் குறைய வேண்டியதுதானே என்று தோன்றும், ஆனால் மிகும். இதற்கான காரணத்தை ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் என்னும் இருவர் 2017இல் கணினியில் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைக் கணித்து விளக்கினார்கள். குவாயகோல் நீரைக் காட்டிலும் சாராயத்தை நாடுகிற சுபாவமுடையது. சாராயச் சத்து 59 சதவிகிதத்துக்கு மேலிருந்தால், சாராய மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொண்டு திரவத்தின் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. நீர் சேர்ந்து சத்து 45 அளவுக்கு இறங்கினால், சாராயமும் அதனோடு குவாயகோலும் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து கூடுகின்றன. மேற்பரப்புக்கு வந்தது மூக்குக்கு வந்தது போலத்தான்.

பத்து லட்சத்தில் சில பங்கைத் தேடுவது இவ்வூருக்குப் பழக்கமான வித்தை என்று சொன்னேன். 1965இல் இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்டில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்துக் காத்திருந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். அந்தத் தேடலின் எதிரே பத்து லட்சத்தில் ஒன்றெல்லாம் மிகப் பெரிய பங்கு!

நம் நாட்டிலும் கரிமண் இல்லாமலில்லை. நீலகிரியின் உச்சியில், 2000 மீட்டருக்கு மேலே, சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவிலுள்ள பள்ளங்களில் அது படிந்து கிடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் அதை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கரியின் ஐசோடோப்புகளை அளந்து, 20,000 ஆண்டுகளாகக் காடும் புல்லும் மாறி மாறி முன்னேறியும் பின்வாங்கியும் வந்த கதையைப் படித்து 1993இல் வெளியிட்டார்கள். மழை பெருகியதும் வறண்டதும் அந்தக் கறுப்பு மண்ணில் பதிவாகியிருக்கின்றன. அதை வெட்டி எரித்து ஒரு நீலகிரி விஸ்கி செய்யலாமே என்று தம்பி ஆசையாகக் கேட்டான். செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முழத்துக்குப் பல நூறு ஆண்டு கேட்கிற மண் அது; மலைமேல் மழையைத் தாங்கி வைத்து ஓடைகளுக்கு விடுகிற பஞ்சும் அதுவே. எடுத்துத் தீர்த்துவிட்ட பூமி எப்படியிருக்கும் என்பதைப் பார்க்க, எங்கள் வீட்டு மாடியில் ஏறி சயனைட் மேட்டின் பக்கம் திரும்பினால் போதும்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது, பெரியப்பா கழுவாத தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தம்ளர் முற்றிலும் உலர்ந்திருந்தது. என்னிடம் நீட்டினார், முகர்ந்து பார்த்தேன். சாராயத்தின் நெடி சிறிதும் இல்லை; இராத்திரி அடுப்பின் மறுநாள் சாம்பலைப் போல, தெளிவாக, புகை மட்டும் இருந்தது. எளிதில் ஆவியாவது ஆவியாகிவிட, எளிதில் எழும்பாதது கண்ணாடியில் படலமாகத் தங்கியிருந்தது.

“ஈயம் போயிட்டுது, மணி நின்னுச்சு” என்றார் பெரியப்பா. தம்ளரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அதன் அடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.